மின்சார காரும் சார்ஜரும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வீடுகளிலும் அலுவலகங்களிலும் அடுக்குமாடிக் கட்டடங்களிலும் மின்சார கார்களுக்கான சார்ஜர் பொருத்துவது என் தொழில். கார் வாங்கப்போகிறவர்கள், வாங்கிவிட்டவர்கள், குடியிருப்புச் சங்கத்தார் என யார் கேட்டாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் கேள்வியாகவே வைத்துத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. விவரம் தெரிந்தவர்கள் நடுவிலிருந்து படிக்கலாம். கணக்குகளை நீங்களே போட்டுப் பார்க்கும்படி எழுதியிருக்கிறேன். மின்சார கார் விஷயத்தில் தேவையில்லாத பயமும் சரி, தேவையில்லாத மயக்கமும் சரி, கணக்குப் போடாமல் பேசுவதால்தான் வருகின்றன.

1. ஹைபிரிட் காரும் மின்சார கார்தானா?

சாதாரண ஹைபிரிடில் பெட்ரோல் என்ஜின்தான் பிரதானம். பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலை ஒரு சிறிய பேட்டரி சேமித்துக்கொள்ளும். வெளியிலிருந்து சார்ஜ் ஏற்ற வழி கிடையாது. பிளக் இன் ஹைபிரிடில் பெட்ரோல் டாங்கும் உண்டு, சார்ஜ் ஏற்றும் இணைப்பும் உண்டு. முழு மின்சார காரில் பேட்டரி மட்டும்தான். இங்கே சொல்வதெல்லாம் முழு மின்சார காரைப் பற்றியது. வீட்டு சார்ஜிங் குறித்த பதில்கள் பிளக் இன் ஹைபிரிடுக்கும் பொருந்தும்.

2. உண்மையிலேயே இவ்வளவு பேர் வாங்குகிறார்களா, இல்லை எல்லாம் விளம்பரமா?

வாங்குகிறார்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2020-இல் உலகம் முழுவதும் சுமார் 30 லட்சம் மின்சார கார்கள் விற்றன. 2024-இல் அது 1 கோடியே 70 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு விற்ற புதிய கார்களில் இது ஐந்தில் ஒன்றுக்கும் மேல். (பிளக் இன் ஹைபிரிடும் இந்தக் கணக்கில் சேரும்.) சீனாவில் புதிய கார்களில் ஏறக்குறைய பாதி இந்த வகை. நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் சுமார் 89 சதவீதம் முழு மின்சார கார்கள்.

முக்கியக் காரணம் பேட்டரி விலை. 2010-க்குப் பிறகு லித்தியம் அயன் பேட்டரியின் விலை 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. 2010 இறுதியில் வந்த முதல் நிசான் லீஃப் காரில் 24 கிலோவாட் மணி (இந்த அளவை அடுத்த பதிலில் விளக்குகிறேன்) பேட்டரிதான் இருந்தது. இன்று நடுத்தர காரிலேயே 50, 60 என்பது சாதாரணம்.

சார்ஜர்களும் பெருகியிருக்கின்றன. 2024 இறுதியில் உலகில் பொது சார்ஜிங் முனைகள் 50 லட்சத்தைத் தாண்டின. ஆனால் அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவில் மட்டும் இருக்கிறது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் "கார் வந்துவிட்டது, சார்ஜர் வரவில்லை" என்று சொல்வது வெறும் புலம்பல் இல்லை.

3. கிலோவாட், கிலோவாட் மணி, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் எளிது. கிலோவாட் என்பது மின்சாரம் பாயும் வேகம். கிலோவாட் மணி என்பது பாய்ந்து சேர்ந்த அளவு. மின் மீட்டரில் யூனிட் என்று ஓடுவது இந்தக் கிலோவாட் மணிதான், இனி யூனிட் என்றே சொல்கிறேன்.

7 கிலோவாட் சார்ஜர் ஒரு மணி நேரம் ஓடினால் 7 யூனிட். 60 யூனிட் பேட்டரியை அதில் காலியிலிருந்து நிரப்ப, இழப்பையும் சேர்த்து, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுத்தர கார் 100 கிலோமீட்டர் ஓட 15 முதல் 18 யூனிட் செலவழிக்கும். சார்ஜ் ஏற்றும்போது வெப்பமாகப் போகும் இழப்புக்கு இன்னொரு பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் விற்பனையாளர் சொல்வதை நீங்களே சரிபார்த்துவிடலாம்.

4. வீட்டில் இருக்கும் சாதாரண பிளக்கில் போட்டால் போதாதா? தனியாக சார்ஜர் எதற்கு?

அளவைப் பொறுத்தவரை பலருக்குப் போதும். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 33 கிலோமீட்டர். இழப்பையும் சேர்த்தால் சுமார் 6 யூனிட். 230 வோல்ட், 10 ஆம்பியர் பிளக் 2.3 கிலோவாட் தரும். மூன்று மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். இரவு முழுக்கக் கார் சும்மா நிற்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சிக்கல் பிளக்கில் இருக்கிறது. வீட்டு பிளக் பாயிண்ட் சில நிமிடங்கள் இஸ்திரிப் பெட்டியோ மிக்சியோ ஓட்டுவதை எதிர்பார்த்து அமைந்தது. மணிக்கணக்கில் இடைவிடாமல் முழு மின்னோட்டம் போவது அதற்குப் பழக்கமில்லாத வேலை. பழைய சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் கதை தெரியும்: மூன்று துளைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும், பின்னால் திருகு லேசாகத் தளர்ந்திருக்கும், கம்பியின் மேலுறை அங்கே மட்டும் மொறுமொறுவென்று உதிரும். இழுத்துப் பிடிக்காத அந்த ஒரு திருகில்தான் சூடு பிறக்கிறது. எக்ஸ்டென்ஷன் கம்பியில் கார் சார்ஜ் செய்யவே கூடாது. சுருட்டி வைத்த கம்பி இன்னும் ஆபத்து, சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும்.

ஆகவே சாதாரண பிளக்கையே பயன்படுத்துவதாக இருந்தால், மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன், அதற்கெனத் தனி எம்சிபி (மின்னோட்டம் அளவு மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), மின்கசிவைத் துண்டிக்கும் கருவி, சோதித்துப் பார்த்த எர்த், இந்த நான்கும் வேண்டும். இவ்வளவு செய்கிற இடத்தில் 7 கிலோவாட் சுவர் சார்ஜருக்கான கனமான கம்பியையே இழுத்துவிடுவது புத்திசாலித்தனம். கம்பிக்கு ஆகும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

5. ஏசி சார்ஜர், டிசி சார்ஜர், என்ன வித்தியாசம்? 22 கிலோவாட் சார்ஜர் பொருத்தியும் கார் 7-க்கு மேல் ஏறவில்லையே?

பேட்டரிக்குள் போவது எப்போதும் டிசி, அதாவது நேர்மின்னோட்டம். கட்டடத்துக்கு வருவது ஏசி, அதாவது மாறுமின்னோட்டம். யாராவது ஓரிடத்தில் மாற்றியாக வேண்டும். சுவரில் மாட்டும் ஏசி சார்ஜர் அந்த மாற்றத்தைச் செய்வதில்லை. அது காருடன் பேசி, பாதுகாப்பைச் சரிபார்த்து, மின்சாரத்தை அனுப்பும் பெட்டி மட்டுமே. மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது. அதன் திறன் 7.4 கிலோவாட் என்றால், சுவரில் 22 இருந்தாலும் 7.4-தான் ஏறும். சார்ஜர் வாங்கும் முன் காரின் கையேட்டில் இந்த எண்ணைப் பாருங்கள். இதைப் பார்க்காமல் பெரிய சார்ஜருக்குப் பணம் கொடுத்தவர்களை நிறையச் சந்திக்கிறேன்.

டிசி நிலையத்தில் மாற்றும் கருவி வெளியே, ஆளுயர அலமாரியில் இருக்கும். அதனால் காருக்குள் இருக்கும் சிறிய கருவியைத் தாண்டி நேரே பேட்டரிக்குப் போகலாம். 50, 150, 350 கிலோவாட் எல்லாம் இப்படித்தான் சாத்தியமாகிறது.

6. அரை மணியில் 80 சதவீதம் ஏறுகிறது. மீதி 20-க்கு மட்டும் ஏன் அவ்வளவு நேரம்?

குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது கழுத்து நெருங்கியதும் குழாயைக் குறைக்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே வேலையைக் கார் செய்கிறது. பேட்டரி நிரம்ப நிரம்ப அதன் மின்னழுத்தம் உச்ச வரம்பை நெருங்கும். அப்போதும் வேகமாகத் திணித்தால் லித்தியம் உள்ளே போய் அமர இடம் கிடைக்காமல் மின்முனையின் மேலேயே உலோகமாகப் படியும். அது பேட்டரியின் ஆயுளைத் தின்னும், பாதுகாப்புக்கும் கேடு. அதனால் கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

வெளியூர்ப் பயணத்தில் 80 ஆனதும் கிளம்பிவிடுங்கள். கடைசி 20-க்கு நிற்கும் நேரத்தில் அடுத்த நிலையத்தில் அதைவிட அதிகம் ஏற்றிவிடலாம். பின்னால் காத்திருப்பவருக்கும் அது பேருதவி.

7. பலகையில் 150 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது. திரையில் 48 காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை, ஆனால் பலகை முழு உண்மையைச் சொல்வதும் இல்லை. முதலில் பக்கத்துக் கன்னை (காரின் துளையில் மாட்டும் கைப்பிடி இணைப்பை இப்படிச் சொல்வோம்) பாருங்கள். பல நிலையங்களில் ஒரே அலமாரியிலிருந்து இரண்டு கன் வெளியே வரும். இருவர் மாட்டினால் திறன் பங்கிடப்படும். வேறு இடம் காலியாக இருந்தால், ஏற்கெனவே ஒருவர் நிற்கும் அலமாரியைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது மின்னழுத்தம். திறன் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. நிலையத்தின் கம்பி அதிகபட்சம் 200 ஆம்பியர் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 400 வோல்ட் என்றால் கிடைப்பது 80 கிலோவாட். அதே கம்பியில் 800 வோல்ட் கார் 160 வரை வாங்க முடியும். 2019-இல் வந்த போர்ஷே டைகான் 800 வோல்ட் அமைப்பைக் கொண்டுவந்தது இந்தக் கணக்குக்காகத்தான். 350 கிலோவாட் நிலையங்களில் கன்னின் கம்பிக்குள் குளிர்விக்கும் திரவம் ஓடுவதும் ஆம்பியர் கூடும்போது பிறக்கும் சூட்டைச் சமாளிக்கத்தான்.

மூன்றாவது, உங்கள் காரின் நிலை. பேட்டரி குளிர்ந்து கிடந்தால் அது வேகமாக வாங்காது, கடுமையாகச் சூடேறியிருந்தாலும் வாங்காது. 70 சதவீதத்தில் மாட்டினால் மேலே சொன்ன காரணத்தால் வேகம் ஏற்கெனவே சரிந்திருக்கும். 10, 15 சதவீதத்தில் போய் மாட்டுவதுதான் நல்லது. பல கார்களில் வழிகாட்டித் திரையில் சார்ஜிங் நிலையத்தைச் சேருமிடமாகக் கொடுத்தால், போகும் வழியிலேயே பேட்டரியை ஏற்ற வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிடும். வழி தெரிந்த இடமானாலும் அதைக் கொடுத்துவிட்டே கிளம்புங்கள்.

8. தினமும் 100 வரை ஏற்றலாமா? வேக சார்ஜர் பேட்டரியைக் கெடுக்குமா?

பேட்டரியின் வேதியியலைப் பொறுத்தது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை என்றால் அன்றாடம் 80-இல் நிறுத்தி, பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100 ஏற்றுங்கள். முழுதாக நிரப்பிய நிலையில் நாள்கணக்கில் நிறுத்துவதுதான் அதற்கு ஆகாதது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை என்றால், வாரம் ஒரு முறையாவது 100 வரை ஏற்றும்படி பல நிறுவனங்களே சொல்கின்றன. அதன் மின்னழுத்தம் நடுப்பகுதியில் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால், எவ்வளவு மீதம் என்று கார் கணக்கிடத் தடுமாறும். முழுதாக நிரம்பும்போது கணக்கு நேராகிவிடும். உங்கள் காரில் எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும்.

வேக சார்ஜிங் சூட்டைக் கூட்டுவதால் ஓரளவு தேய்மானம் உண்டு. பயணத்தின்போது பயன்படுத்தத் தயங்க வேண்டாம். பொதுவாகப் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், 70 சதவீதக் கொள்ளளவுக்குக் குறையாது என்கிற உத்தரவாதம் தருகிறார்கள். வாங்கும்போது அந்த ஏட்டை வரிக்கு வரி படியுங்கள்.

9. மழையில் சார்ஜ் செய்யலாமா?

செய்யலாம். கன்னை மாட்டிய உடனே மின்சாரம் பாய்வதில்லை. முதலில் மெல்லிய சமிக்ஞைக் கம்பி வழியாகக் காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளும். எர்த் இருக்கிறதா, கன் முழுதாக உட்கார்ந்ததா, எவ்வளவு ஆம்பியர் தரலாம் என்பதெல்லாம் முடிவான பிறகு கன்னைக் கார் பூட்டிக்கொள்ளும். கூர்ந்து கேட்டால் அந்தப் பூட்டு விழும் ஒலியும், ஒரு கணம் கழித்து உள்ளே ரிலே என்னும் தானியங்கி சுவிட்ச் சேரும் "டக்" ஒலியும் தனித்தனியே கேட்கும். அந்த இரண்டாவது ஒலிக்கு முன் கன்னின் முனையில் ஆபத்தான மின்சாரம் கிடையாது. கசிவு தெரிந்தால் நொடிக்குள் துண்டித்துவிடும்.

வெள்ளநீர் தேங்கிய தரை, உடைந்த கன், உரிந்த கம்பி, இவை வேறு கதை. அங்கே தொடவே வேண்டாம்.

10. மின்சார கார் தீப்பிடிக்கிறது என்கிறார்களே?

கிடைக்கும் தரவுகளின்படி தீப்பிடிக்கும் விகிதம் பெட்ரோல், டீசல் கார்களைவிட மின்சார கார்களில் குறைவு. ஆனால் பிடித்துவிட்டால் அணைப்பது கடினம். ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைத் தூண்டும். நிறையத் தண்ணீர் தேவைப்படும். அணைந்ததுபோல் இருந்து மணிக்கணக்கில் கழித்து மறுபடி பற்றவும் கூடும். விபத்தில் அடிப்பகுதி நசுங்கிய காரைக் கட்டடத்துக்குள் நிறுத்தக் கூடாது என்று சொல்வது அதனால்தான். வீட்டில் நீங்கள் அன்றாடம் கவனிக்க வேண்டியது சுவரில் இருக்கும் சாக்கெட்டை. 4-ஆம் பதிலில் சொன்ன தளர்ந்த திருகு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

11. ஏன் இத்தனை வகை பிளக்? ஒரே மாதிரி வைக்கக் கூடாதா?

ஒவ்வொரு வட்டாரமும் தனித்தனியாகத் தொடங்கியதால் வந்த வினை. ஜப்பானில் சாடெமோ, சீனாவில் ஜிபி/டி, ஐரோப்பாவில் ஏசிக்கான டைப் 2 துளையோடு டிசிக்கு இரண்டு கூடுதல் முனைகள் சேர்ந்த சிசிஎஸ் 2. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் டைப் 2, சிசிஎஸ் 2 இரண்டையும் பொதுத் தரமாக்கியதால் அங்கே குழப்பம் குறைந்தது. வட அமெரிக்காவில் டெஸ்லா தன் இணைப்பு வடிவத்தை 2022 நவம்பரில் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது. 2023-இல் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் அதற்கு மாறுவதாக அறிவித்தன. பழைய காரை மலிவாக வாங்க நினைப்பவர்கள் முதலில் அதன் டிசி துளையைப் பாருங்கள். அந்த வகைக் கன் உங்கள் வட்டாரத்தில் அரிதாகிக்கொண்டிருந்தால் விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

12. விளம்பரத்தில் 500 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 350-தான் ஓடுகிறது. ஏன்?

சோதனை ஓட்டத்தில் நகர வேகமும் கலந்திருக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 80-இலிருந்து 120-க்குப் போனால் அது இரண்டேகால் மடங்கு. உறைநிலைக் குளிரில் காரையும் பேட்டரியையும் சூடாக்கவே கணிசமான பங்கு செலவாகும். பயணத் திட்டம் போடும்போது விளம்பர எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக் கணக்கிடுங்கள், ஏமாற மாட்டீர்கள்.

13. எங்கள் அடுக்குமாடியில் கட்டட லோடு தாங்காது என்று சங்கத்தில் அனுமதி மறுக்கிறார்கள். என்ன சொல்வது?

அவர்கள் போடும் கணக்கு இது: 40 கார், ஆளுக்கு 7 கிலோவாட், ஆக 280 கிலோவாட், கட்டடத்துக்கு வரும் மொத்த இணைப்பே அவ்வளவு இருக்காது. பெருக்கல் சரி. ஆனால் நாற்பது பேரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. 4-ஆம் பதிலின்படி ஒரு காருக்கு ஓர் இரவுக்கு 6 யூனிட். நாற்பதுக்கு 240 யூனிட். எட்டு மணி நேரத்தில் பிரித்தால் 30 கிலோவாட். கொஞ்சம் தாராளமாக 45 என்று ஒதுக்கினாலும் 280-க்கு எவ்வளவு தூரம்!

இதைச் செய்து தருவது லோடு மேலாண்மை. கட்டடத்தின் பிரதான லைனில் ஒரு அளவி பொருத்தப்படும். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், வீடுகள் எல்லாம் எடுத்தது போக மீதம் எவ்வளவு என்று அது நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மீதத்தை மட்டும் கார்களுக்குப் பங்கிடும். ஏசி சார்ஜிங் தரத்தின்படி ஒரு காருக்கு 6 ஆம்பியருக்குக் கீழே கொடுக்க முடியாது. அதனால் மீதம் மிகக் குறைவாக இருக்கும்போது சில கார்களை நிறுத்தி வைத்து முறை மாற்றி ஏற்றும். காலையில் எல்லாம் நிரம்பியிருக்கும்.

சங்கத்தாரிடம் ஒருவருக்கு மட்டும் அனுமதி கேட்காதீர்கள். முதல் மூன்று பேர் ஆளுக்கொரு லைன் தனியாக இழுத்துவிட்டால் நான்காமவருக்கு உண்மையிலேயே இடம் இருக்காது. பிறகு எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பப் போட வேண்டிவரும். தொடக்கத்திலேயே வாகன நிறுத்தம் முழுக்கக் கம்பித் தாங்கிகளையும் ஒரு பொது விநியோகப் பெட்டியையும் அமைத்து, ஒவ்வொரு சார்ஜருக்கும் தனி மீட்டர் வைக்கும் திட்டத்தைக் கொண்டுபோங்கள். யார் மின்சாரத்துக்கு யார் பணம் கட்டுவது என்கிற சண்டைக்கும் அதோடு முடிவு வரும்.

14. எல்லோரும் மின்சார கார் வாங்கினால் ஊரே இருளில் மூழ்காதா?

ஒரு லட்சம் கார்கள் உள்ள நகரத்தை எடுத்துக்கொள்வோம். காருக்கு நாளொன்றுக்கு 6 யூனிட் என்றால் 24 மணி நேரச் சராசரி 25 மெகாவாட். நள்ளிரவை ஒட்டிய எட்டு மணி நேரத்தில் மட்டும் ஏற்றினால் 75. எல்லோரும் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி ஒரே நேரத்தில் 7 கிலோவாட்டில் மாட்டினால் 700. கார்கள் அதே கார்கள், யூனிட் அதே யூனிட். எப்போது ஏற்றுகிறார்கள் என்பது மட்டும்தான் மாறுகிறது. எனவே மின் உற்பத்திக்கு முன்பாகத் திணறப்போவது தெருமுனை டிரான்ஸ்பார்மர்.

பிரிட்டன் இதை முன்கூட்டியே யோசித்தது. 2022 ஜூன் 30 முதல் அங்கே விற்கும் வீட்டு சார்ஜர்கள், உச்ச நேரத்தைத் தவிர்த்து ஏற்றும்படி தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டிருக்க வேண்டும். உரிமையாளர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. சலுகைக் கட்டண நேரம் தொடங்கும் அந்த நொடியில் எல்லா சார்ஜர்களும் ஒரேயடியாக விழித்தால் மின்கட்டமைப்பு அதிரும் என்பதால், ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு தாமதத்தைத் தானே தேர்ந்துகொண்டு தொடங்க வேண்டும். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை, டிரான்ஸ்பார்மர் பிழைக்கிறது. இப்படியொரு விதியைப் பிற நாடுகளும் கார்கள் பெருகுவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்.

15. பெட்ரோல் நிலையங்களைப் போல மூலைக்கு மூலை வேக சார்ஜர் வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

தீராது. கேட்கும்போது நியாயமாகத் தோன்றுவதால் அரசுகளும் இதில்தான் முதலில் பணத்தைக் கொட்டுகின்றன. பெட்ரோலுக்கு நாம் போக வேண்டும். வீட்டுக்கு அது வராது. மின்சாரம் ஏற்கெனவே எல்லாக் கட்டடத்துக்கும் வந்திருக்கிறது. கார் ஒரு நாளில் இருபது மணி நேரத்துக்கும் மேல் நின்றுகொண்டே இருக்கிறது. நிற்கும் இடத்தில் மெதுவாக ஏற்றுவதற்கு வழி செய்தால், ஒரு வேக நிலையத்துக்கு ஆகும் செலவில் பல பத்து ஏசி முனைகளை அமைத்துவிடலாம். வீடு, அலுவலகம், தெருவோர நிறுத்தம், ரயில் நிலைய நிறுத்தம், இவை முதலில். நெடுஞ்சாலைக்கும் வாடகைக் கார்களுக்கும் வேக நிலையங்கள் அவசியம்; 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, முக்கியச் சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு வேக நிலையம் வேண்டும் என்கிறது. இடைவெளியை இப்படி நிர்ணயிப்பது நல்ல வழி.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது பராமரிப்பு. 2022-இல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 657 டிசி கன்களை ஆய்வாளர்கள் நேரில் போய்ச் சோதித்தார்கள். ஒழுங்காக வேலை செய்தவை 72.5 சதவீதம்தான். செயலிழந்த திரை, பணம் ஏற்காத கருவி, அறுந்த இணையத் தொடர்பு போன்றவை மீதியைக் கெடுத்தன. சில இடங்களில் கம்பி காரின் துளை வரை எட்டவே இல்லை. பிரிட்டன் 2024 நவம்பரிலிருந்து வேக சார்ஜர் வலையமைப்புகள் 99 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்று சட்டமாக்கியிருக்கிறது. திறப்பு விழா எண்ணிக்கைக்கு மானியம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, இயங்கிய மணி நேரத்துக்குக் கொடுத்தால் பழுதான சார்ஜர்கள் தானாகச் சரியாகும் என்பது என் உறுதியான கருத்து.

16. போன இடத்தில் சார்ஜர் வேலை செய்யவில்லை என்றால் நடுவழியில் நிற்பதா?

ஒரே ஒரு கன் உள்ள நிலையத்தை நம்பி 5 சதவீதத்தில் போகாதீர்கள். நான்கோ அதற்கு மேலோ கன் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். 20 சதவீதம் மீதமிருக்கும்போதே சேருங்கள். அதற்குள் எட்டக்கூடிய இரண்டாவது நிலையத்தையும் குறித்து வையுங்கள். செயலியில் "காலி" என்று காட்டுவதை மட்டும் பார்க்காமல், கடைசியாக அங்கே யாராவது ஏற்றியது எப்போது என்று பாருங்கள். இரண்டு நாளாக ஒருவரும் ஏற்றாத நெடுஞ்சாலை நிலையம் காலியாக இருக்கவில்லை, பழுதாகியிருக்கிறது.

17. காலி பேட்டரியைக் கழற்றிவிட்டு நிரம்பியதை மாட்டிக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

முயன்றிருக்கிறார்கள். 2007-இல் தொடங்கிய பெட்டர் பிளேஸ் நிறுவனம் இஸ்ரேலிலும் டென்மார்க்கிலும் மாற்று நிலையங்கள் கட்டியது, 2013-இல் திவாலானது. சீனாவின் நியோ நிறுவனம் 2,000-க்கும் மேற்பட்ட நிலையங்களை நடத்துகிறது, சில நிமிடங்களில் வேலை முடிகிறது. அது தன் கார்களுக்குத் தானே பேட்டரி வடிவத்தை வகுத்துக்கொண்டதால் முடிகிறது. எல்லா நிறுவனங்களும் ஒரே அளவு, ஒரே பூட்டு, ஒரே குளிர்விப்புக் குழாய் என்று ஒத்துக்கொண்டால்தான் பொதுவான நிலையம் வரும். பிளக்கிலேயே ஒத்துப்போக எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை 11-ஆம் பதிலில் பார்த்தோம். நாள் முழுக்க ஓடும் வாகனங்களுக்கு இந்த முறை பொருந்தும்; இரவெல்லாம் நிற்கும் சொந்தக் காருக்குத் தேவை குறைவு.

18. மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறது. அப்படியென்றால் புகையை இடம் மாற்றுவதுதானே?

ஓரளவு உண்மை, முழுதும் இல்லை. பெட்ரோல் என்ஜின் எரிபொருளின் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதத்தைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மின்சார கார் பேட்டரியிலிருந்து எடுப்பதில் 80 சதவீதத்துக்கும் மேல் கொடுக்கும். பேட்டரி தயாரிப்பில் கூடுதல் கார்பன் வெளியேறுவது நிஜம். ஓட ஓட அந்தக் கடன் அடையும். மின்சாரம் எவ்வளவு தூய்மையோ அவ்வளவு சீக்கிரம் அடையும். நிலக்கரி மிகுந்த இடத்தில் அந்த இலாபம் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அனல் மின் நிலையம் ஒன்று மூடப்பட்டுச் சூரிய மின்சாரம் வரும்போது, சாலையில் ஏற்கெனவே ஓடும் மின்சார கார்கள் எல்லாமே அன்றைக்கே தூய்மையாகின்றன. பழைய பெட்ரோல் காருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

19. மின்வெட்டின்போது காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்க முடியுமா?

சில கார்களில் முடியும். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானில் இதற்கு வரவேற்பு எழுந்தது. நிசான் 2012-இல் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் தரும் அமைப்பை விற்கத் தொடங்கியது. இருவழியாக இயங்கும் சார்ஜர் வேண்டும். மின்வெட்டு வந்ததும் வீட்டைத் தெரு லைனிலிருந்து துண்டிக்கும் கருவியும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் தெருக் கம்பியைச் சரிசெய்ய ஏறியவர் மேல் உங்கள் காரின் மின்சாரம் பாயும். இதைக் கைவேலையாகச் செய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். காரின் பக்கவாட்டில் சாதாரண பிளக் தரும் வசதி மட்டும் இருந்தால், அதில் விளக்கும் குளிர்சாதனப் பெட்டியும் நேரடியாக ஓட்டிக்கொள்ளலாம், வீட்டு வயரிங்கோடு இணைக்கக் கூடாது.

20. எனக்கு வீட்டில் சார்ஜ் செய்ய வழியே இல்லை. வாங்கலாமா?

அலுவலகத்தில் முனை இருந்தால் தயங்காமல் வாங்கலாம். அதுவும் இல்லையென்றால் கணக்குப் போடுவோம். நாளுக்கு 33 கிலோமீட்டர் என்றால் வாரத்துக்குச் சுமார் 40 யூனிட். 60 யூனிட் பேட்டரி உள்ள கார் வாரம் ஒரு முறை டிசி நிலையத்தில் முக்கால் மணி நேரம் நின்றால் சமாளிக்கலாம். பொது வேக நிலையத்தில் யூனிட் விலை வீட்டைவிடப் பெரும்பாலும் அதிகம் என்பதால், பெட்ரோலோடு ஒப்பிடும்போது அந்த விலையை வைத்தே ஒப்பிடுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் ஏற்றப்போகும் கிழமையில், ஏற்றப்போகும் நேரத்தில், அந்த நிலையத்துக்கு இரண்டு மூன்று வாரம் போய்ப் பாருங்கள். எத்தனை கன் இயங்குகிறது, வரிசை நிற்கிறதா, இரவில் வெளிச்சம் இருக்கிறதா, பழுதென்றால் கூப்பிட்டுப் பேச ஆள் இருக்கிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே காத்திருப்பவர்களிடம் கேளுங்கள்; மறைக்காமல் சொல்வார்கள். இரண்டு நிலையங்களாவது ஒழுங்காக இயங்கினால் வாங்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பாதி நாள் பழுது என்றால், இந்த ஆண்டு வேண்டாம். அலுவலகத்திலும் குடியிருப்பிலும் சார்ஜருக்கு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பம் கொடுத்துவிட்டு, 13-ஆம் பதிலில் உள்ள கணக்கையும் அதோடு இணைத்துவிடுங்கள்.